தாரேன் எக்ஸ்பிரஸ்

செவ்வந்திபுரம் பழைய ஸ்டேஷனில் முதல் பெட்டி வந்து நின்றது ஒரு செவ்வாய்க்கிழமை விடியலில். அதற்கு முந்தின சாயங்காலம்தான் திருமேனிநாதன் கல்யாண மண்டபத்து மேடையில் மைக்கைப் பிடித்து, "மொதப் பெட்டி என் செலவு, நான் தாரேன்" என்று சொல்லியிருந்தார். சொல்லும்போது அவருக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது, கீழே பெண்கள் வரிசையில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி பவளக்கொடிக்கும் அடைத்தது, ஆனால் அது வேறு காரணத்துக்காக.

திருமேனிநாதன் ஆயுள் காப்பீட்டு ஏஜென்ட். வருஷக்கணக்காக ஊரார் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போய், கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டே, "நாளைக்கே உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா" என்று சிரித்த முகத்தோடு கேட்டுக் கேட்டுப் பழகியவர் என்பதால், தேசபக்தி நீராவி ரயில் உலாக் குழு என்று ஊரில் ஒன்று தொடங்கியபோது, நிதி திரட்டும் செயலாளர் பதவிக்கு இன்னொரு பெயரை யாரும் யோசிக்கவே இல்லை. குழுவின் திட்டம் எளிமையானது. அகலப் பாதை வந்து புது ஸ்டேஷன் ஊருக்கு வெளியே போன பிறகு, பழைய ஸ்டேஷனில் காட்சிப் பொருளாக நிறுத்திவைத்திருந்த நீராவி எஞ்சினைப் பழுதுபார்த்து, அதன் பின்னால் பெட்டிகளைக் கோத்து, பெட்டிகளுக்குள் தியாகிகளின் படங்களை மாட்டி, சுதந்திர தினத்தன்று பேண்டு வாத்தியத்தோடு கிளப்பி, மாவட்டம் மாவட்டமாகப் போய் மக்களுக்கு நாட்டுப்பற்றை ஊட்டிவிட்டுத் திரும்புவது. எஞ்சின் இருந்தது. நாட்டுப்பற்றும் ஏராளமாக இருந்தது. பெட்டிதான் இல்லை, பெட்டி வாங்கப் பணமும் இல்லை.

இப்போது பெட்டி வந்துவிட்டது. பணம் ஒரு பைசாகூட இன்னும் கைமாறவில்லை. தேக்குப் பலகை இருக்கை, பித்தளைக் கொக்கி, ஜன்னலுக்கு மேலே வெள்ளை எழுத்தில் திருமேனிநாதனின் பெயர், எல்லாம் அசல்போலவே இருந்தன. சக்கரங்கள் மட்டும் சுற்றவில்லை. நான்கு பேர் சேர்ந்து தள்ளியும், நாற்பது பேர் சேர்ந்து தள்ளியும், வரைந்து வைத்ததைப்போல அப்படியே இருந்தன. பெட்டி நின்றதும் வசதியான இடத்தில் அல்ல. ஊரைக் கிழக்கென்றும் மேற்கென்றும் பிரிக்கும் பழைய ரயில் பாதையில், இரண்டு பக்கத்தையும் சேர்க்கும் பெரிய கேட்டுக்குக் குறுக்கே, சாலையை முழுசாக அடைத்துக்கொண்டு நின்றது.

பழைய ஸ்டேஷனையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்த ஸ்டேஷன் மாஸ்டர் ஸ்டெல்லா வந்து பார்த்தார். பெட்டி எங்கிருந்து வந்தது என்று அவர் கேட்கவில்லை.

"யாருது சார் இது?"

"நான் தாரேன்னு சொன்ன பெட்டி, மேடம்."

"சொன்னது சரி. கேட்டை மறைக்காம சொல்லியிருக்கலாம்ல."

பவளக்கொடிக்கு வீடு மேற்கே, அவள் நடத்தின பவளம் மெஸ் கிழக்கே மார்க்கெட்டில். அன்றைக்கு அவள் மாவுப் பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு பெட்டியின் ஒரு கதவால் ஏறி மறு கதவால் இறங்கிக் கடைக்குப் போனாள். திரும்பி வந்தபோது கணவர் அதே பெட்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்து, கைப்பிடியைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"படி ரொம்ப ஒசரம்" என்றாள். "இதுக்கு எம்புட்டு குடுக்கணும்?"

"அத விடு. உன் சீட்டுப் பணம் வருதுல்லா, அதுலயிருந்து..."

"தர மாட்டேன்."

"நாட்டுக்கு, பவளம்."

"மெஸ்ஸுக்குக் கூரை மாத்தணும். தர மாட்டேன்."

அவள் எப்போதும் அப்படித்தான். உண்டென்றால் உண்டு, இல்லையென்றால் இல்லை. கடன் சொல்லிச் சாப்பிட வருகிறவனிடமும் அப்படி, கல்யாணத்துக்கு முன்னால் பெண் பார்க்க வந்த திருமேனிநாதனிடமும் அப்படி. ஊரில் அந்த மாதிரிப் பேச்சு பேசுகிறவர்கள் வேறு யாரும் இல்லாததால் அவளுக்கு வாய்த்துடுக்கு என்று பெயர்.

பெட்டி முளைத்த செய்தி பரவியதும், திருமேனிநாதன் தேடிப் போகவேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. தாரேன் என்று சொன்னாலே பெட்டி வருகிறது, சொன்னவர் பெயரோடு வருகிறது, அதுவும் கொடுக்காமலே வருகிறது என்று தெரிந்த பிறகு வாயை மூடிக்கொண்டு இருக்கிற அளவுக்குச் செவ்வந்திபுரத்தில் யாருக்கும் மனக்கட்டுப்பாடு இல்லை. அரிசி ஆலை உலகநாதன் ஒன்று சொன்னார்; தவிட்டு வாசனையோடு, தரைப்பலகை இல்லாமல் ஒரு பெட்டி வந்தது. குழுத் தலைவர் நகைக்கடை பூவராகன் மூன்று சொன்னார். மூன்றும் கவரிங் நகைபோலப் பளபளத்தன, உள்ளே சுற்றிலும் கண்ணாடி, எந்தப் பக்கம் திரும்பினாலும் பூவராகனின் படம், தியாகிகளுக்குக் கழிப்பறைப் பக்கத்தில் ஒரு ஆணி. பொறியியல் கல்லூரித் தாளாளர் தேவசகாயம் சொன்ன பெட்டியில் இருக்கைகள் அருமையாக இருந்தன, ஆனால் பாதி இருக்கை நிர்வாக ஒதுக்கீடு என்று ஜன்னலிலேயே எழுதியிருந்தது. மேடைப் பேச்சாளர் நாவரசுவின் பெட்டியில் உட்கார இடமே கிடையாது, ஒரு மேடையும் ஒலிபெருக்கியும் மட்டும். யாராவது உள்ளே கால் வைத்தால் அதுவாகவே தியாகத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்து, பேச்சு முடிகிறவரை மறு கதவைத் திறக்காது. அமெரிக்காவில் இருக்கும் தேவசகாயத்தின் மைத்துனர் வீடியோ அழைப்பில் சொன்ன பெட்டிதான் எல்லோருக்கும் பிடித்தது. ஊரில் பகலாக இருக்கும்போது அதற்குள் கும்மிருட்டு. ஊர் இருட்டியதும் உள்ளே சுள்ளென்று வெயில் அடிக்கும். மேற்குத் தெருப் பெண்கள் சமையலை முடித்துவிட்டு அங்கே போய் வடகம் காயப் போட்டார்கள்.

ரயில் நீண்டது. சந்தைக் கேட்டைத் தாண்டியது, தெற்குக் கேட்டை மறைத்தது, சுடுகாட்டுப் பாதையை மறைத்தது, பெட்டிக்குப் பின் பெட்டியாக வயல்வெளிக்குள் போய் அங்கேயும் நிற்காமல், தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்துவிட்ட இடங்களில் தண்டவாளம் இல்லாமலே, கண்ணுக்கு எட்டாத தூரம் போயிற்று. குழு அதற்கு வைத்த பெயர் தேச ஒற்றுமைச் சுடர். ஊர் அதைத் தாரேன் எக்ஸ்பிரஸ் என்றது.

முதல் வாரம் ஊர் திட்டியது. இரண்டாவது வாரம் மறியல் செய்ய ஆள் கூடி, ரயிலை மறிப்பதா, ஏற்கனவே மறித்துக்கொண்டிருக்கிற ரயிலை என்ன செய்வது என்று புரியாமல் டீ குடித்துவிட்டுக் கலைந்தது. மூன்றாவது வாரத்துக்குப் பிறகு ரயில் எப்போதும் அங்கேதான் இருந்தது என்பதுபோல ஊர் நடந்துகொண்டது. ஆட்டோக்காரர்கள் கிழக்கு ஆட்டோ, மேற்கு ஆட்டோ என்று பிரிந்து இரண்டு சங்கம் தொடங்கினார்கள். பயணியை ஒரு பக்கம் இறக்கி, பெட்டி வழியே அனுப்பி, மறு பக்கம் வேறு ஆட்டோவில் ஏற்றி, இரண்டு கட்டணம் வாங்கினார்கள். காய்கறி மூட்டைகள் ஜன்னலுக்கு ஜன்னல் கைமாறின. மேற்கே பள்ளிக்கூடத்துக்குப் போகிற பெண்பிள்ளைகள் பூவராகனின் கண்ணாடிப் பெட்டியில் நின்று ரிப்பனைச் சரிசெய்துகொண்டார்கள். நகராட்சி பெட்டிகளுக்கு வீட்டு வரி போடலாமா என்று கூடிப் பேசியது. கிழக்கே யாராவது இறந்தால் மேற்கே சுடுகாட்டுக்குப் போக நாவரசுவின் பெட்டி ஒன்றுதான் பாடை நுழைகிற அகலத்தில் இருந்தது. ஆகவே பீடி சுற்றினவர், பால் கறந்தவர், வட்டிக்கு விட்டவர் என்று எவர் செத்தாலும், ஒலிபெருக்கி அவருடைய தியாகத்தை முழங்கி முடிக்கிறவரை சொந்தக்காரர்கள் பாடையைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றார்கள். வட்டிக்காரர் வீட்டில் மட்டும் அந்தப் பேச்சைக் கேட்டு நிஜமாகவே அழுதார்கள். அவரைப் பற்றி அவ்வளவு நல்ல விதமாக அதற்கு முன்னால் யாரும் சொன்னதில்லை.

திருமேனிநாதன் அந்த மாதங்களில் பத்து வயது குறைந்தவர்போல நடந்தார். டீக்கடையில் அவருக்கு இடம் விட்டார்கள். 'மொதப் பெட்டி அண்ணாச்சி' என்றார்கள். பாலிசி எடுக்கச் சொன்னால் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொள்கிறவர்கள், நாட்டுக்கு என்றதும் நெஞ்சை நிமிர்த்தித் தாரேன் என்று சொல்வதைப் பார்க்கப் பார்க்க அவருக்கு இந்த ஊர்மேல் ஒரு புது மரியாதை வந்தது. யாராவது உண்மையில் கொடுத்தார்களா என்று பவளக்கொடி கேட்டபோது, "குடுப்பாங்க, இவங்கல்லாம் வாக்கு சொன்னவங்க" என்றார். அவள் சாம்பாருக்குப் புளி கரைத்துக்கொண்டே, "நீங்களும்தான் சொன்னீங்க" என்றாள்.

தீ பிடித்தது ஒரு வெள்ளிக்கிழமை நடுப்பகலில். மார்க்கெட்டில் பாத்திரக்கடைக்கு மேலே போன மின்கம்பியில் பொறி பறந்து, பக்கத்தில் தையற்கடை ரஹ்மத்துல்லாவின் துணிக் கட்டுகளில் விழுந்து, அங்கிருந்து பவளம் மெஸ்ஸின் ஓலைக் கூரைக்குத் தாவியது. தீயணைப்பு நிலையம் மேற்கே. வண்டி மணியடித்துக்கொண்டு பெரிய கேட்டுக்கு வந்தது, திருமேனிநாதனின் பெட்டிக்கு முன்னால் நின்றது. தெற்குக் கேட்டுக்கு ஓடியது, தாளாளரின் பெட்டிக்கு முன்னால் நின்றது. கடைசியில் வீரர்கள் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு, கண்ணில் பட்ட அகலமான கதவைப் பார்த்து நாவரசுவின் பெட்டிக்குள் ஏறினார்கள். கதவு சாத்திக்கொண்டது. தாய்மண்ணுக்காகத் தங்களையே எரித்துக்கொண்டவர்களைப் பற்றி ஒலிபெருக்கி ஆரம்பித்தது, உள்ளேயிருந்து அவர்கள் கதவை உதைக்கிற சத்தம் நடுநடுவே கேட்டது, பேச்சு முடிந்து அவர்கள் இறங்கியபோது எரிவதற்கு மிச்சம் ஒன்றும் இல்லை.

யாரும் சாகவில்லை. பவளக்கொடியின் முன்கையில் மட்டும் கொப்புளம். திருமேனிநாதன் பெட்டி வழியே ஏறி இறங்கி ஓடிவந்தபோது அவள் சாம்பலுக்குள்ளிருந்து இட்லிக் கொப்பரையை இழுத்துக்கொண்டிருந்தாள். அவர் கை கொடுக்கக் குனிந்தார்.

"வேண்டாம்" என்றாள். "நீங்க அந்தப் பக்கமே இருங்க."

"பவளம், கரண்டுக் கம்பியில பொறி வந்ததுக்கு நான் என்ன செய்ய?"

"பொறிக்கு நீங்க ஒண்ணும் செய்ய முடியாது. வழிக்குச் செய்யலாம்லா? மொதல்ல உங்க பெட்டிய எடுங்க. அப்புறம் வாங்க."

அன்றிலிருந்து அவள் மேற்கே வரவில்லை. எரிந்த இடத்திலேயே ஒரு தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு மறுநாளே அடுப்பை மூட்டினாள். வீட்டில் தனியாகச் சமைத்துச் சாப்பிட்ட திருமேனிநாதனுக்கு, தான் போட்ட உப்பு தனக்கே பிடிக்கவில்லை.

பெட்டியை எடுப்பது எப்படி என்று அவருக்குக் காட்டிக் கொடுத்தது ரஹ்மத்துல்லா. அவரும் தாரேன் என்று சொன்னவர்தான்; வசதி போதாததால் அரைப் பெட்டி சொல்லியிருந்தார், அரைப் பெட்டியே வந்து ரயிலின் வால்பக்கம் எங்கோ நின்றது. தீக்குப் பிறகு அவர் திருமேனிநாதனைத் தேடி வந்து, வாசலிலேயே நின்றுகொண்டு சொன்னார்.

"அண்ணாச்சி, தப்பா நினைக்காதீங்க. மெஷின் ரெண்டும் போச்சு. என்னால தர முடியாது. தரவும் மாட்டேன். சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

அவர் தெருமுனை திரும்புவதற்குள் வடகம் அள்ளப் போயிருந்த பெண்கள் ஓடிவந்து, தையற்காரரின் அரைப் பெட்டியைக் காணோம் என்றார்கள். இருந்த இடத்தில் புல் முளைத்திருந்ததாம்.

அப்போதுதான் திருமேனிநாதன் தன் வாழ்க்கையிலேயே கடினமான வசூலுக்குக் கிளம்பினார். சாவைப் பற்றிப் பேசிப் பாலிசி வாங்கினவர், இப்போது வீடு வீடாகப் போய், தர மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லச் சொல்லிக் கெஞ்சினார்.

அரிசி ஆலை உலகநாதன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைத்தார். "என்ன வே, நான் இல்லன்னு சொல்லுத ஆளா? தை அறுவடை முடியட்டும், இன்னொண்ணும் சேத்துத் தாரேன்." சொல்லி முடிக்கும்போதே தூரத்தில் டங்கென்று ஒரு கொக்கி மாட்டுகிற சத்தம் கேட்டது.

"ஐயோ, நீங்க தர வேண்டாம். தர மாட்டேன்னு மட்டும் சொன்னாப் போதும்."

"யாருக்கு?"

"ரயிலுக்கு."

"நாட்டுக்குத் தர மாட்டேன்னு என் வாயால சொல்லச் சொல்லுதீரா?" உலகநாதனின் முகம் மாறிவிட்டது. எழுந்து ஜன்னலைச் சாத்தினார். "யாரு வே உம்ம அனுப்புனது?"

தாளாளர் தேவசகாயம் அமைதியாகக் கேட்டுவிட்டு, இப்படியெல்லாம் பேசினால் கல்லூரியின் அங்கீகாரம் என்ன ஆவது என்று வருத்தப்பட்டு, பரிகாரமாக இரண்டு பெட்டி சொன்னார். அமெரிக்க மைத்துனர் லைன் சரியில்லை என்று மூன்று முறை சொல்லிவிட்டு லைனைத் துண்டித்தார். மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுக்க வழியில்லாமல் மகள் கல்யாணத்தைத் தள்ளிப் போட்டிருந்த ஒரு குமாஸ்தா, தன் பெயர் எழுதின பெட்டியை ஜன்னலிலிருந்து காட்டி, அதை மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள், இப்போது போய் எப்படிச் சொல்வது என்று அழாத குறையாகக் கேட்டார். திருமேனிநாதன் போன வீடுகளில் ஒருவர்கூட மறுக்கவில்லை. போய்வந்த பிறகு ரயில் இன்னும் நீளமாகியிருந்தது.

ஊரில் பேச்சு கிளம்பியது. திருமேனிநாதன் தேசத்துரோகி ஆகிவிட்டார் என்றார்கள், எவனோ வெளிநாட்டுக்காரன் காசு கொடுத்திருக்கிறான் என்றார்கள், பெண்டாட்டி விட்டுப் போனதில் புத்தி பிசகிவிட்டது என்று அவர்மேல் இரக்கப்பட்டவர்களும் சொன்னார்கள். பூவராகன் அவரைக் கடைக்குக் கூப்பிட்டு, வாடிக்கையாளர் முன்னிலையிலேயே கேட்டார்.

"நிதி திரட்டச் சொன்னா நீரு மறுப்புல்லா திரட்டுதீராம்?"

"தலைவரே, அன்னைக்கு மார்க்கெட்டு எரிஞ்சிச்சு."

"எரியத்தான் செய்யும். சுதந்திரம்னா சும்மாவா?" என்றார் பூவராகன். "சரி, சுதந்திர தினத்துக்கு அமைச்சர் வாராரு. நன்றியுரை நீருதான். ஒழுங்கா நாலு வார்த்தை பேசும், மத்ததெல்லாம் மறந்துருதேன்."

திருமேனிநாதன் சரி என்றார். வெளியே வந்து, தன் பெட்டியில் ஏறி உட்கார்ந்தார். ஒரு ஜன்னலில் அவர் வீட்டு ஓடு தெரிந்தது, எதிர் ஜன்னலில் மார்க்கெட்டின் தார்ப்பாய் தெரிந்தது. அத்தனை வீட்டுக்கும் போனவர் ஒரே ஒருவரிடம் மட்டும் கேட்கவில்லை என்பது அவருக்குத் தெரியும். இந்தத் தேக்குப் பலகையை, இந்தப் பித்தளைக் கொக்கியை, வெள்ளை எழுத்தில் தன் பெயரை, மொதப் பெட்டி அண்ணாச்சி என்ற அந்த அழைப்பை எப்படி விடுவது என்று கைப்பிடியைத் தடவிக்கொண்டே வெகுநேரம் இருந்தார். வாழ்நாள் முழுக்க ஊராரின் வாசலில் நின்றவருக்கு, ஊரார் வந்து நின்ற ஒரே வாசல் அது.

சுதந்திர தினத்தன்று பிளாட்பாரத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். எஞ்சினுக்கு வேண்டிய விறகும் நிலக்கரியும் மட்டும் பூவராகன் ரொக்கம் கொடுத்து வாங்கிப் போட்டிருந்தார். அமைச்சர் வரும்போது புகை வராவிட்டால் போட்டோ நன்றாக இருக்காது. குழு தேடிப் பிடித்து வந்த ஓய்வுபெற்ற டிரைவர் லூர்து கொதிகலனைச் சூடேற்றி, ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, "இது இழுக்காது" என்றார். இழுக்க வேண்டாம், புகை விட்டால் போதும் என்றார்கள்.

அமைச்சர் வந்தார், மாலை விழுந்தது, கொடி ஏறியது. ரயிலின் நீளத்தைப் பார்த்து மெய்சிலிர்த்துப் போய்விட்டதாகச் சொன்ன அமைச்சர், ஒரு சிற்றூர் இவ்வளவு செய்யும்போது தான் சும்மா இருக்கலாமா என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டு, கூட்டம் பதில் சொல்லுமுன் தானே சொன்னார்: "இந்த எளியவனின் சார்பில் இன்னும் ஆயிரம் பெட்டி!"

சீட்டுக்கட்டை விரிக்கிற மாதிரி ஒரு சத்தம் தெற்கே ஓடியது. ஓடி, மங்கி, காதுக்கு எட்டாத தூரம் போயிற்று. கொஞ்ச நேரத்தில் பந்தலில் இருந்தவர்களின் போன்கள் ஒவ்வொன்றாக ஒலிக்கத் தொடங்கின. பக்கத்து ஊரிலிருந்து ஒருவர், எங்கள் கடைத்தெருவுக்கு ரயில் வந்துவிட்டது, ஆரத்தி எடுத்துக்கொண்டிருக்கிறோம் என்றார். அடுத்த மாவட்டத்திலிருந்து ஒருவர், எங்கள் பஸ் ஸ்டாண்டுக்கு நடுவே வந்துவிட்டது, பேண்டு வாசிக்கிறார்கள் என்றார். அமைச்சரின் சொந்த ஊரில் கடைசிப் பெட்டி அவர் வீட்டு மாமரத்தடியில் வந்து நிற்பதாக அவருடைய அம்மாவே கூப்பிட்டுச் சொன்னார். ரயில் ஒரு அங்குலம் நகராமல் எல்லா மாவட்டத்துக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. உலா மாபெரும் வெற்றி என்று அமைச்சர் மேடையிலேயே அறிவித்தார். எல்லா ஊரிலும் சாலைகள் அடைபட்டன, எல்லா ஊரிலும் கைதட்டினார்கள்.

பிறகு நன்றியுரைக்கு மைக் திருமேனிநாதன் கைக்கு வந்தது.

மேடையிலிருந்து பார்த்தால் அவருடைய பெட்டியின் இரண்டு கதவும் திறந்திருந்தன. அவற்றின் வழியே, மறு பக்கத்தில், பவளக்கொடி தார்ப்பாய்க்குக் கீழே நின்று வரிசையில் வந்தவர்களுக்கு இட்லி வைத்துக்கொண்டிருந்தாள். கொப்புளம் ஆறின கை மற்றக் கையைவிடச் சிவப்பாக இருந்தது. அவள் இந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"எல்லாருக்கும் வணக்கம்" என்றார் திருமேனிநாதன். "மொதப் பெட்டி நான் தாரேன்னு சொன்னேன். எங்கிட்ட அதுக்குப் பணம் இல்ல. அன்னைக்கும் இல்ல." மைக்கை மறு கைக்கு மாற்றினார். "என் வீட்டுக்காரி அன்னைக்கே மாட்டேன்னா. நானும் தர மாட்டேன்."

சத்தமே இல்லை. இருந்த பெட்டி இல்லாமல் போயிற்று, அவ்வளவுதான். எஞ்சினுக்கும் உலகநாதனின் பெட்டிக்கும் நடுவே, கேட்டின் இந்தக் கம்பத்திலிருந்து அந்தக் கம்பம்வரை, சாலை வெயிலில் வெறுமையாகக் கிடந்தது.

பூவராகன் பேண்டு மாஸ்டரைப் பார்த்துக் கையசைத்தார், பேண்டு முழங்கியது, என்ன நடந்தது என்று தெரியாத அமைச்சர் தன் கையில் கொடுத்திருந்த பச்சைக் கொடியை நிகழ்ச்சி நிரல்படி ஆட்டினார். லூர்து பழக்கதோஷத்தில் விசையை இழுத்தார். பின்னால் இழுக்க ஒன்றுமில்லாத எஞ்சின் ஒரு குலுக்குக் குலுக்கி, புகையைக் கக்கி, கூவிக்கொண்டு தனியாகக் கிளம்பிவிட்டது. கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. பெட்டிகள் அத்தனையும் பின்னால் நிற்கின்றன என்பதை யாரும் ஒரு குறையாகச் சொல்லவில்லை. தேசபக்தி ரயில் கோலாகலமாகப் புறப்பட்டது என்றுதான் மறுநாள் பேப்பரிலும் வந்தது. லூர்து கரி தீருகிறவரை ஓட்டிவிட்டு, தீர்ந்த இடத்தில் இறங்கி, பஸ் பிடித்து வீட்டுக்குப் போனார்.

முதலில் ஒரு ஆட்டோ கடந்தது, நம்பிக்கை இல்லாமல், மெதுவாக. அதன் பின்னால் மீன் கூடைகள், பால் வண்டி, சைக்கிள்கள், அத்தனை மாதமும் மேற்கே மாட்டிக்கொண்டிருந்த ஒரு செங்கல் லாரி, கொடியேற்றி மிட்டாய் வாங்கின பெண்பிள்ளைகள், அவர்களைப் பார்த்துக் கிழக்கிலிருந்து எதிரே வந்த எல்லோரும். ஹார்ன் சத்தத்தில் பேண்டு கேட்கவில்லை. கூட்டம் கையைவிட்டுப் போவதைப் பார்த்த பூவராகன் மைக்கைப் பறித்தார்.

"நண்பர்களே! ஒரு துரோகியால் ஏற்பட்ட இந்த வெற்றிடத்தை நிரப்ப, இதோ நானே இன்னொரு பெட்டி—"

பின்னாலிருந்து ஒரு கை அவர் வாயைப் பொத்தியது. ரஹ்மத்துல்லாவின் கை. பூவராகன் திமிறினார், மீன்காரி ஒருத்தி அவர் தோளை அமுக்கி நாற்காலியில் உட்கார வைத்தாள், பெரிய கேட்டு ஆட்டோக்காரர்கள் இருவர், ஒருவர் கிழக்கு, ஒருவர் மேற்கு, ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டார்கள். பந்தோபஸ்துக்கு நின்ற போலீஸ்காரர்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு வீடு மேற்கே.

அன்று மாலையே குழு கூடி திருமேனிநாதனை நீக்கியது. அவரைக் கண்டித்துச் சுவரொட்டி ஒட்டினார்கள். மறுநாள் டீக்கடையில் அவருக்கு யாரும் இடம் விடவில்லை, நின்றுகொண்டே குடித்தார். நாலைந்து பேர் அவரிடம் எடுத்த பாலிசியை வேறு ஏஜென்டுக்கு மாற்றிக்கொண்டார்கள். மற்றப் பெட்டிகள் சொன்னவர்களின் பெயரோடு, வந்து நின்ற இடத்திலேயே, ஊர் ஊராக இன்றைக்கும் நிற்கின்றன. செவ்வந்திபுரத்தில் மட்டும் ஒரு பெட்டி நீளத்துக்கு வழி இருக்கிறது.

அந்த வழியாகத்தான் அவர் டீயைக் குடித்துவிட்டு நடந்தார். பெட்டி நின்ற இடத்தில் தண்டவாளம் மாதக்கணக்கில் நிழலில் கிடந்து துருப்பிடித்திருந்தது. பவளக்கொடி அடுப்படியிலிருந்து நிமிர்ந்து பார்த்தாள். தார்ப்பாயின் ஒரு மூலை காற்றில் அவிழ்ந்து தொங்கியது, பக்கத்தில் நான்கு மூங்கில் கம்புகள் சாத்தியிருந்தன.

"கூரை போடணும்" என்றாள். "நாலு குழி தோண்டணும். தோண்டித் தருவீங்களா?"

அவர் வாயைத் திறந்தார். வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அப்படியே வாயை மூடிக்கொண்டு, சட்டையைக் கழற்றி மூங்கிலில் மாட்டிவிட்டு, கடப்பாரையை எடுத்தார்.